அடி வாங்க மட்டும் அவளா? சேலத்தில் போராட்டச் சினிமா விழா நடத்தும் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். பிப்ரவரி 11ஐ ஒட்டி நீங்கள் நடத்தவிருக்கும் விழாவின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தது. 1950இல் அதே நாளில் சேலம் மத்தியச் சிறைக்குள் சுட்டுக் கொல்லப்பட்ட 22 கம்யூனிஸ்ட் கைதிகளின் நினைவாக நடக்கும் விழா. அந்தத் தேதியை நினைவில் வைத்துப் பதாகை கட்ட இந்த ஊரில் இன்னும் ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம். வழக்கம்போல வெளிநாட்டுப் படத்தின் வசனத்தைத் தமிழில் மைக்கில் வாசிக்கும் வேலையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். செய்கிறேன். ஆனால் நிரலைப் பற்றி எனக்குத் தோன்றியதைக் குழுவுக்குள் சொல்லி அமுக்கிவிடாமல், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். போன முறை உள்ளே சொன்னதற்கு "அடுத்த ஆண்டு பார்ப்போம்" என்றீர்கள். இதுதான் அந்த அடுத்த ஆண்டு.

நிரலில் நான்கு படங்கள்: 'மந்திரி குமாரி', 'அல்ஜீயர்ஸ் போர்', 'ஜெய் பீம்', 'விடுதலை' முதல் பாகம். நான்கும் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னால் பொய், மூன்று பிடிக்கும். எதையும் தடை செய்யச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எழுதப்படாத ஒரு வேலைப் பிரிவினை பளிச்சென்று தெரிகிறது. அடியும் அவமானமும் பெண்ணின் பங்கு. யோசிப்பதும் தீர்மானிப்பதும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவதும் ஆணின் பங்கு. அவள் பழங்குடியாகவோ கூலிக்காரியாகவோ இருந்துவிட்டால் கதை இன்னும் சுலபம். அவளுக்கு அழத் தெரிந்தால் போதும்.

வசனம் வாசிப்பவளுக்கு இது கண்ணுக்கு முன்பே தொண்டையில் தெரிந்துவிடும். நம் காட்சிகளுக்கு வரும் கொலுசுப் பட்டறைப் பெண்களும் தறிக்காரர்களும் ஆங்கில எழுத்தைத் துரத்திப் படிக்க முடியாது என்பதால்தானே இந்த ஏற்பாடு. (மைக் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி முன்வரிசையிலிருந்து ஒரு தோழர் தவறாமல் கை காட்டுவார். அவருக்கு ஆங்கிலம் தெரியும்.) கில்லோ பொன்டிகார்வோவின் 'அல்ஜீயர்ஸ் போர்', பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின் கதை, 1966இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கிய படம். அதில் பிரெஞ்சுத் தளபதி பேசுகிறார், நிருபர்கள் கேட்கிறார்கள், தலைமறைவுத் தலைவர்கள் விவாதிக்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்கும். பிறகு மூன்று பெண்கள் கண்ணாடி முன்னால் நிற்கும் காட்சி வரும். முக்காட்டை எடுக்கிறார்கள். ஒருத்தி நீண்ட கூந்தலைக் கத்தரித்துக்கொள்கிறாள். உதட்டுக்குச் சாயம் பூசி, ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்தி, கூடையிலும் பையிலும் குண்டை வைத்துக்கொண்டு ராணுவச் சாவடியைத் தாண்டுகிறார்கள். பின்னணியில் பறை போன்ற முழக்கம். சாவடியில் சிப்பாயோடு சிரித்துப் பேசும் ஒன்றிரண்டு வரி தவிர, அந்த நேரம் முழுக்க எனக்கு வேலையே இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

அந்தக் காட்சியைப் பற்றிப் பேசாத விமர்சகர் இல்லை. பெண்களைப் போராளியாகக் காட்டிய படம் என்று நம் துண்டறிக்கையும் எழுதியிருக்கிறது. காட்டியது உண்மைதான். குண்டு எங்கே போக வேண்டும் என்று சொல்வது யார்? அறைக்குள் வந்து இடம் பிரித்துக் கொடுக்கும் ஆண். பால்கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடும் சிறுவனைப் பார்த்தபடி பையைக் கீழே வைக்கிறாளே, அவளுக்குள் அப்போது என்ன ஓடியது? முகத்தைக் காட்டிவிட்டுப் படம் நகர்ந்துவிடுகிறது. படத்தின் கடைசியில் கொடியோடு சுழன்று ஆடுபவளும் ஒரு பெண்தான். 1962இல் அல்ஜீரியாவுக்கு விடுதலை வந்தது. 1984இல் அதே நாடு ஒரு குடும்பச் சட்டம் கொண்டுவந்து, பெண் மணம் முடிக்க ஆண் காப்பாளர் ஒருவர் வேண்டும் என்றது. அதற்கும் பொன்டிகார்வோ பொறுப்பா என்று கேட்பீர்கள். இல்லை. குண்டு சுமக்கச் சொன்ன இயக்கம் அவளைக் கூட்டத்தில் பேசவும் சொன்னதா என்ற கேள்வி படத்துக்குள்ளேயே இருக்கிறது, அதை விழா மேடையில் கேளுங்கள் என்கிறேன்.

நான் வாதாட விரும்புவது 'ஜெய் பீம்' பற்றித்தான். அது நல்ல படம் என்பதால்.

1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த ஒரு காவல் மரணத்தை அடிப்படையாகக் கொண்ட படம் அது. உண்மையில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர் சமூகத்தினர். திரையில் அவர்கள் இருளர் ஆனார்கள். யாருடைய கதை என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. இருக்கட்டும். படத்தில் எனக்கு உச்சமான இடம் நீதிமன்றத்தில் இல்லை, சாலையில் இருக்கிறது. காவலில் கணவனை இழந்த கர்ப்பிணி செங்கேணி நடக்கிறாள். அவளை இழுத்துப் போன போலீஸே இப்போது ஜீப்பில் ஏறச் சொல்லிக் கெஞ்சியபடி பின்னால் ஊர்ந்து வருகிறது. அவள் ஏறவில்லை. சமரசப் பணம் என்று பெரிய அதிகாரி நீட்டுவதையும் அவள்தான் வேண்டாம் என்கிறாள். முடிவெடுக்கும் பெண் அவள். ஆனால் படத்தின் எடை அவள் தோளில் அதிக நேரம் தங்குவதில்லை. வழக்கறிஞரின் கறுப்பு அங்கி வந்ததும் கதை அந்த அங்கிக்குள் போய்விடுகிறது. துப்பு துலக்குவதும் அவர், கோபப்படுவதும் அவர், சுவரொட்டி முழுக்க அவர். கடைசிக் காட்சியில் செங்கேணியின் மகள் வழக்கறிஞர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்து, கால்மேல் கால் போடுகிறாள். நானும் கைதட்டினேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உறைத்தது: அந்தக் குழந்தை பார்த்துப் பழகுவது அவரை. ஜீப்பில் ஏற மறுத்த தாயை அல்ல.

இதே கதையை வேறு மாதிரிச் சொல்ல முடியாதா? 'ஜெய் பீம்' வருவதற்கு 49 ஆண்டுகள் முன்பே சொல்லிவிட்டார்கள். சாரா மல்தொரோர் 1972இல் எடுத்த 'சம்பிசங்கா' படத்தைத்தான் சொல்கிறேன். அங்கோலா போர்ச்சுகலின் பிடியில் இருந்த காலம். டொமிங்கோஸ் என்ற தொழிலாளியைப் போலீஸ் வீட்டிலிருந்து இழுத்துப் போகிறது. மனைவி மரியா குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு அவனைத் தேடிப் புறப்படுகிறாள். ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கை காட்டுகிறது. அங்கே போனால் வேறோர் ஊர். உள்ளே அவனை அடித்தே கொல்கிறார்கள். செங்கேணியின் கதைதான், தோழர்களே, ஏறக்குறைய அப்படியே. ரகசிய இயக்கத்து ஆண்களும் படத்தில் வருகிறார்கள். அவர்களுடைய வேலையும் மரியாதையோடு காட்டப்படுகிறது. ஆனால் எந்த இடத்திலும் யாரும் வந்து மரியாவின் கையிலிருந்து கதையை வாங்கிக்கொள்வதில்லை. சாலை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்குக் கேமராவும் அவளோடு நடக்கிறது. அவள் கதறும்போது சுற்றி நின்று தாங்கிக்கொள்பவர்களும் பெண்களே. அந்த நடையில் அவளுக்கு அரசியல் புரிகிறது, நமக்கும் புரிகிறது.

இந்த மல்தொரோர் யார் தெரியுமா? 'அல்ஜீயர்ஸ் போர்' படத்தில் பொன்டிகார்வோவுக்கு உதவியாளராக வேலை செய்தவர். அதே படப்பிடிப்பில் நின்று வேலை பழகியவர் தன் முறை வந்தபோது கேமராவை எங்கே வைத்தார் என்று பாருங்கள். இரண்டையும் ஒரே நாளில் காலையும் மாலையும் போட்டால், நாம் மேடை போட்டுப் பேச வேண்டியதில் பாதியைப் படங்களே பேசிவிடும்.

'விடுதலை'க்கு வருகிறேன். எனக்குப் பிடிக்காத நான்காவது படம் இது. 2023இல் வெளிவந்தபோது, இது மக்கள் பக்கம் நின்று போலீஸ் அராஜகத்தைச் சொல்கிறது என்று நீங்கள் கொண்டாடினீர்கள். உச்சக்கட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஊர்ப் பெண்களைப் பிடித்து வந்து, ஆடையைப் பறித்து, அடைத்து வைத்துச் சித்திரவதை செய்கிறார்கள். அதே நேரத்தில் நாயகனான காவலர், தன் காதலியைக் காப்பாற்ற வேண்டுமே என்று தலைமறைவுத் தலைவரைப் பிடிக்க ஓடுகிறார். இங்கே ஓர் அலறல், அங்கே ஓர் ஓட்டம், மறுபடி இங்கே ஓர் அலறல். அந்தப் பெண்களின் துன்பம் அவர் ஓட்டத்துக்கு மணியடிக்கிறது. எவ்வளவு சீக்கிரம் அவர் போய்ச் சேர வேண்டும் என்று நமக்குக் காட்டுவதற்காக அவர்கள் நிர்வாணமாக நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் படத்தில் பெயர் இருக்கிறது? அரங்கில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, "முடிந்ததும் சொல்லுங்கள்" என்றார். கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. கொடுமைக்கு ஆளானவளைப் பார்ப்பது வேறு, அவளோடு இருந்து பார்ப்பது வேறு.

"நடந்ததைத்தானே காட்டினார்கள்" என்று நீங்கள் சொல்லப்போவது தெரியும். அந்தக் காட்சி எல்லாருக்கும் எதை நினைவூட்டியது? வாச்சாத்தியை. அது நமக்குத் தொலைவில் இல்லை. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரம். அங்கே இருப்பவர்களும் நம் சேர்வராயன் மலையில் இருப்பவர்களும் ஒரே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் நுழைந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். பிறகு ஊர்ப் பெண்களைக் கொண்டுவந்து அடைத்ததும் நம் சேலம் சிறையில்தான். 22 பேருக்காக நாம் எந்த மதிலைப் பார்த்து வணக்கம் செலுத்துகிறோமோ, அதே மதில்.

அங்கே எந்தக் காவலரும் மலையேறி ஓடி அவர்களைக் காப்பாற்றவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரித் தோழர்களும் துணை நின்றார்கள். ஆனால் யார் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்கள்தான். ஊர் பேசும், உறவு பேசும் என்று தெரிந்தே சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி நேரில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்துவிட்டு, 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார். 'விடுதலை' வெளிவந்த அதே ஆண்டு. 31 ஆண்டு நீதிமன்றப் படியேறியதை விட்டுவிட்டு, அடி வாங்கிய இடத்தை மட்டும் கேமரா எடுத்துக்கொண்டால், அதை "நடந்ததைக் காட்டியது" என்று எப்படிச் சொல்வது? நடந்ததில் பெரிய பகுதி காட்சியில் இல்லையே.

'மந்திரி குமாரி' பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் படம், மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு, கலைஞர் வசனம். சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்த அதே 1950இல் வெளியானது. அந்த ஆண்டில் இந்த ஊர் இரண்டையும் பார்த்திருக்கிறது என்பதை யாராவது தொடக்க உரையில் சொன்னால் நன்றாக இருக்கும். தன்னை மலையிலிருந்து தள்ள வந்த கணவனை மனைவி முந்திக்கொண்டு தள்ளிவிடும் கதையை நம் அம்மாக்கள் விசிலடித்தா பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மறக்கவில்லை. ஒன்று மட்டும். மூலக்கதையான குண்டலகேசியில் தள்ளிவிட்டதோடு அவள் முடிந்துவிடுவதில்லை. துறவு பூண்டு, ஊர் ஊராகப் போய் நாவல் கிளையை நட்டு, வாதுக்கு வா என்று அறிஞர்களை அழைக்கிறாள். படம் தள்ளிவிடும் கையை எடுத்துக்கொண்டது. வாதிடும் வாயைக் காப்பியத்திலேயே விட்டுவிட்டது. இரண்டே ஆண்டு கழித்து வந்த 'பராசக்தி'யிலும் தங்கை கூண்டில் நிற்கத்தான் செய்கிறாள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடமானது அண்ணன் பேசிய வசனம்.

சரி, குறை சொல்வதோடு நிற்கவில்லை. தொடக்கப் படமாக 'சால்ட் ஆஃப் தி எர்த்' போடுங்கள். 1954இல் வந்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் துத்தநாகச் சுரங்கத் தொழிலாளர்கள் 1950 முதல் 1952 வரை நடத்திய வேலைநிறுத்தத்தின் கதை. இயக்குநர் ஹெர்பர்ட் பீபர்மேன் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர், சிறையும் போனவர். நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். நாயகியாக நடித்த மெக்சிகோ நடிகை ரொசௌரா ரெவுவெல்தாஸைப் படப்பிடிப்பு முடிவதற்குள் கைது செய்து நாடு கடத்தினார்கள். படத்தைத் திரையிடப் பெரும்பாலான திரையரங்குகள் மறுத்தன.

நம் வெள்ளைக்கல் சுரங்கத்துக்காரர்கள் பார்க்க வேண்டிய படம் என்பதற்கு அதுவே போதும். ஆனால் நான் சொல்ல வருவது வேறு. படத்தில் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் பெண்கள் ஒன்றைச் சேர்க்கச் சொல்கிறார்கள்: வீட்டுக்குக் குழாயில் தண்ணீர், கழிப்பறை வசதி. பாதுகாப்பும் சம ஊதியமும் முதலில், இது பிறகு என்று ஆண்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு, வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளர்கள் மறியலில் நிற்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிடுகிறது. உத்தரவு தொழிலாளர்களுக்குத்தானே, மனைவிகளுக்கு இல்லையே என்று பெண்கள் மறியலை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கும் முதலில் வாக்களிக்க வேண்டும். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை. அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதைப் படத்தில் பாருங்கள். வீட்டில் இருக்கும் ஆண்கள் விறகு பிளந்து, தண்ணீர் காய வைத்து, துணி துவைத்துக் கொடியில் காயப்போடும்போதுதான் அந்தக் குழாய்க் கோரிக்கை அவர்கள் இடுப்பில் உறைக்கிறது.

இதைச் சொல்லும்போதே நம் விழா அரங்கம் நினைவுக்கு வருகிறது. பெண்கள் கழிப்பறையின் சாவி காவலாளியிடம் இருக்கும். காவலாளி டீக்கடையில் இருப்பார். மூன்று மணி நேரப் படத்துக்கு ஏன் பெண்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது.

இரண்டாவது, யுகாந்தர் குழுவின் படங்கள். தீபா தன்ராஜும் நண்பர்களும் 1980இல் தொடங்கிய பெண்ணியத் திரைப்படக் குழு. கர்நாடகத்தின் நிபாணியில் புகையிலை வேலை செய்த பெண்களோடு சேர்ந்து 1982இல் அவர்கள் எடுத்த 'தம்பாக்கூ சாக்கிலா ஊப் ஆலி' படத்தில், தூசி பறக்கும் கொட்டகைக்குள் வேலை செய்யும் பெண்கள் தாங்கள் சங்கம் கட்டிய கதையைத் தாங்களே சொல்கிறார்கள். ஜவ்வரிசி ஆலையில் குச்சிக்கிழங்குத் தோல் உரித்த பெண் ஒருத்தி அதைப் பார்த்தால் பக்கத்து வீட்டைப் பார்த்தது போல இருக்கும். மூன்றாவது, திவ்யபாரதியின் 'கக்கூஸ்', 2017. மலம் அள்ளும் பெண்கள் கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார்கள். இடையில் புகுந்து விளக்கம் சொல்ல நாயகன் யாரும் இல்லை. படம் கலைநயத்தில் குறைவு என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அவர் ஒரு முறை முழுசாகப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். திருநங்கையரைப் பற்றி நம் நிரலில் ஒரு வரிகூட இல்லை. அதற்கு என்னிடமும் உடனே கைகாட்டப் படம் இல்லை என்றாலும், அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கேளுங்கள்.

கருத்தரங்கைப் பற்றிச் சுருக்கமாக. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு எதிரான போராட்டம் பற்றிய அமர்வில் மூன்று பேச்சாளர்கள், மூவரும் ஆண்கள். நன்றியுரை என் பெயரில். 277 கிலோமீட்டர் சாலைக்கு நிலம் அளக்க 2018இல் அதிகாரிகள் வந்தபோது, வயலில் உட்கார்ந்து கல் நடவிடாமல் தடுத்தவர்களில் பாதிக்கு மேல் சேலை கட்டியவர்கள் என்பதை நாம் எல்லாரும் நேரிலேயே பார்த்தோம். பட்டா அவர்கள் பெயரில் இல்லாததால் நோட்டீஸ் அவர்கள் பெயருக்கு வரவில்லை. நம் அழைப்பிதழும் அப்படியே போயிருக்கிறது. நன்றியுரையை அந்த மூவரில் யாராவது சொல்லட்டும். அவருக்குப் பேச ஒதுக்கிய இருபது நிமிடத்தை அயோத்தியாப்பட்டணம் பக்கத்து விவசாயப் பெண்களில் ஒருவருக்குக் கொடுங்கள். எழுதிக்கொண்டு வரத் தேவையில்லை, பேசச் சொன்னால் போதும். நேரம் தாண்டினால் மணி அடிக்காதீர்கள். பேராசிரியர்களுக்கு நாம் அடித்ததே இல்லை.

ஏற்காட்டில் ஒரு காட்சி வைக்க வேண்டும் என்பது என் கடைசிக் கோரிக்கை. மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடியும் படத்துக்கு, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி யார் வருவார்கள், வந்தால் எப்படித் திரும்புவார்கள்? பிப்ரவரி என்றால் காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயம். எஸ்டேட் பெண்களுக்கும் மலையாளி ஊர்களில் இருப்பவர்களுக்கும் தோதான நாள் வாரச் சந்தை நாள்தான். மதியத்துக்கு மேல் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துத் திண்ணை கிடைத்தாலும் போதும். அங்கே 'சம்பிசங்கா' போடலாம். வாச்சாத்திப் பெண்களில் யாராவது வரச் சம்மதித்தால், படத்துக்குப் பிறகு அவர்கள் பேசட்டும். நடந்த கொடுமையை மறுபடி விவரிக்கச் சொல்லி யாரும் கேட்கக் கூடாது என்பதை முன்கூட்டியே நெறியாளரிடம் சொல்லிவையுங்கள். வழக்கை எப்படி நடத்தினீர்கள், பஸ் செலவுக்கு என்ன செய்தீர்கள், வீட்டில் யார் தடுத்தார்கள், யார் கூட வந்தார்கள் என்று கேட்கலாம். நான் கேட்க நினைப்பதும் இதைத்தான்.

நிரல் அச்சுக்குப் போவதற்குள் பதில் சொன்னால் உதவியாக இருக்கும். 'சம்பிசங்கா'வில் பேச்சு குறைவு என்றாலும் பாட்டும் புலம்பலும் உண்டு. அவற்றைத் தமிழில் எழுதி, வாசித்துப் பழக எனக்கு இரண்டு வாரமாவது வேண்டும். 'சால்ட் ஆஃப் தி எர்த்' அதற்கு மேல் பிடிக்கும். அதில் பெண்கள் நிறையப் பேசுகிறார்கள். உதவிக்கு இன்னொரு குரல் கிடைத்தால் நல்லது. நாயகியின் கணவன் ராமோனின் வசனத்தை வாசிக்க முன்வரிசைத் தோழரையே கேட்டுப் பாருங்கள்.

தோழமையுடன்,
உங்கள் வசன வாசிப்பாளர்
அம்மாபேட்டை, சேலம்